நியூட்டன் போடாத ஓட்டை

ஸ்கூல்ல படிக்கும்போது இந்தக் கதையைக் கேட்காதவங்க ரொம்பக் கம்மி. நியூட்டன் பெரிய விஞ்ஞானி. அவர்கிட்ட ஒரு பூனை இருந்துச்சு. அது உள்ளே வர்றதும் வெளியே போறதுமா கதவைச் சுரண்டிக்கிட்டே இருந்ததால ஆராய்ச்சி கெட்டுப்போச்சு. அதனால கதவுல ஒரு ஓட்டை போட்டார். பூனை குட்டி போட்டது. உடனே மனுஷன் பக்கத்திலேயே குட்டிக்குன்னு இன்னொரு சின்ன ஓட்டை போட்டாராம். பெரிய ஓட்டையிலேயே குட்டியும் போகுமேங்கிற புத்தி அந்த மேதைக்கு இல்லையாம். வாத்தியார் சிரிப்பார், கிளாஸே சிரிக்கும். பூனைக் கதவைக் கண்டுபிடிச்சதே நியூட்டன்தான் என்று இதோடு ஒரு வாலும் சேர்ந்து இன்னிக்கும் வாட்ஸப்பில் சுத்திக்கிட்டு இருக்கு.

கதை நல்ல கதைதான். ஆனா நியூட்டன் மேல இப்படி ஒரு பழியைப் போடறதுக்கு முன்னாடி சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்கணும் இல்லையா?

முதல் சாட்சி ஹம்ஃப்ரி நியூட்டன். பேர் ஒண்ணா இருக்கே தவிர சொந்தக்காரர் இல்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் நியூட்டனோட அறையில் 1685 வாக்கில் தொடங்கி ஒரு ஐந்து வருஷம் உதவியாளரா இருந்தவர். 1687ல் வெளிவந்த 'பிரின்சிபியா'வை அச்சுக்காக அழகா நகல் எடுத்துக் கொடுத்தது இவர்தான். நியூட்டன் 1727ல் இறந்த பிறகு, அவருடைய சகோதரி மகளைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஜான் கான்டுயிட் என்பவர் பழைய ஆட்களிடம் எல்லாம் நினைவுகளைக் கேட்டு வாங்கினார். அப்போ ஹம்ஃப்ரி எழுதின கடிதத்தில் தெளிவா ஒரு விஷயம் இருக்கு. ஐயா தன் அறையில் நாயும் வச்சுக்கலை, பூனையும் வச்சுக்கலை. அதனால லாபம் அறையைச் சுத்தம் பண்ண வந்த கிழவிக்குத்தான். நியூட்டன் சாப்பிட மறந்து வச்ச சாப்பாடு முழுசும் காலையில் அந்தம்மாவுக்குக் கிடைச்சுதாம். (நியூட்டனோட நாய் மெழுகுவர்த்தியைத் தட்டிவிட்டு ஆராய்ச்சிக் காகிதத்தை எல்லாம் கொளுத்தின கதையும் இதே சாட்சியால ஆட்டம் காணுது. அது தனியா எழுதவேண்டிய சங்கதி.)

அப்போ அந்த ரெண்டு ஓட்டை எங்கிருந்து வந்துச்சு? 1827ல், அதாவது நியூட்டன் போய் சரியா நூறு வருஷம் கழிச்சு, ஜே.எம்.எஃப். ரைட் என்பவர் கேம்பிரிட்ஜில் தான் படிச்ச நாட்களைப் பற்றி 'அல்மா மேட்டர்' என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் இந்தக் கதை வருது. ரைட் கெட்டிக்காரர். கதை மெய்யோ பொய்யோ, கதவில் பூனை அளவுக்கு ஒண்ணும் குட்டி அளவுக்கு ஒண்ணுமா அடைக்கப்பட்ட ரெண்டு ஓட்டை இன்னிக்கும் இருக்கு என்று கைகழுவி விட்டார். நூறு வருஷமா எத்தனையோ பேர் குடியிருந்த அறை. ரெண்டு ஓட்டை யாரு போட்டதா வேணா இருக்கலாம். ஓட்டையைப் பார்த்தவங்க அதுக்கு ஏத்த மாதிரி ஒரு மேதையைப் பிடிச்சு வந்து நிறுத்திட்டாங்க என்பது என் கட்சி. ஒரு வேடிக்கை. நியூட்டனையும் எலியையும் இணைக்கிற நினைவு ஒண்ணு உண்டு. சின்னப் பையனா கிராந்தமில் இருந்தப்போ எலியை வச்சு ஓட்டுற குட்டி ஆலை ஒண்ணு செஞ்சார் என்று அவர் நண்பர் ஸ்டூக்லி எழுதியிருக்கார். எலிக்கு சாட்சி இருக்கு, பூனைக்குத்தான் இல்லை :-)

அதைவிடப் பெரிய ஆட்சேபணை ஒண்ணு இருக்கு. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர், அந்தக் கால இங்கிலாந்து காலண்டர்படி. சாசர் என்ற கவிஞர் செத்தது 1400. அந்த சாசர் எழுதின 'கான்டர்பரி கதைகள்'ல மில்காரன் சொல்ற கதை ஒண்ணு வரும். ஒரு தச்சன் வீட்டில் குடியிருக்கிற மாணவன் மாடி அறையைப் பூட்டிக்கிட்டு ரெண்டு நாளா சத்தமே காட்ட மாட்டேங்கிறான். வீட்டு வேலைக்காரப் பையன் போய்த் தட்டறான், கத்தறான், பதில் இல்லை. கடைசியில் கீழே குனிஞ்சு, பூனை வந்துபோற ஓட்டை வழியா எட்டிப் பார்க்கறான். உள்ளே அந்த ஆள் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.

சாசர் இந்த ஓட்டையை விளக்கி விளக்கி எழுதலை. போற போக்கில் சொல்றார். அப்படின்னா கேட்டுக்கிட்டு இருந்த ஜனங்களுக்கு கதவின் அடியில் பூனை ஓட்டை என்பது திண்ணை, உறி மாதிரி சாதாரண விஷயம். நியூட்டனுக்கு ரெண்டரை நூற்றாண்டு முன்னாடியே! பிரெஞ்சுக்காரங்க இதுக்கு 'ஷத்தியேர்' என்றும் ஸ்பெயின்காரங்க 'கத்தேரா' என்றும் தனிப் பேரே வச்சிருக்காங்க. ரெண்டுமே அவங்க மொழியில் பூனை என்ற சொல்லில் இருந்து வந்தது. பழைய கிராமத்து வீடுகளிலும் தானியம் போட்டு வைக்கிற கொட்டகைகளிலும் கதவின் அடியில் வட்டமாவோ சதுரமாவோ வெட்டி விட்டிருப்பாங்க. பூனை செல்லப்பிராணி என்பதால் இல்லை. உள்ளே நெல்லு, கோதுமை இருக்கு, அதைத் தின்ன எலி இருக்கு, எலியைத் தின்ன பூனை வேணும். ராத்திரி கதவைப் பூட்டினாலும் வேலைக்காரன் உள்ளே போக வழி வேணும். அவ்வளவுதான் கணக்கு.

வேலைக்காரன் என்று நான் சும்மா சொல்லலை. சம்பளக் கணக்கே இருக்கு.

இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸ்டர் என்று ஒரு ஊர். அங்கே இருக்கிற பேராலயத்தின் கணக்குப் புத்தகங்களில் 1305 முதல் 1467 வரைக்கும் பூனைக்கு என்று ஒரு செலவு எழுதப்பட்டிருக்கு. ஆலயக் காவல்காரங்களோடு சேர்த்து பூனைக்கும் படி. காலாண்டுக்கு 13 பென்ஸ். ஒரு காலாண்டுக்கு 13 வாரம், ஆக வாரத்துக்கு ஒரு பென்னி. 1360களில் சில வருஷம் இது 26 பென்ஸா எழுதியிருக்கு. ஒரு பூனைக்கு ரெண்டு பூனை ஆச்சா, இல்லை இருந்த பூனையே சம்பள உயர்வு கேட்டுச்சா, கணக்கப்பிள்ளை எழுதி வைக்கலை. எலியைப் பிடிச்சுத் தின்னா போதாது, மேல்கொண்டு கொஞ்சம் தீனி போடணும் என்று அந்தக் காலத்திலேயே ஒத்துக்கிட்டிருக்காங்க பாருங்க. நம்ம ஊர் ஆபீஸ்களில் பஞ்சப்படிக்கு எத்தனை வருஷம் கொடி பிடிக்க வேண்டியிருந்தது!

1598ல் வில்லியம் காட்டன் என்பவர் அங்கே பிஷப்பா வந்தார். அதே வருஷக் கணக்கில் இன்னொரு செலவு. வடக்குப் பக்க இறக்கையில் இருக்கிற கதவில் ஓட்டை போட்டதற்குத் தச்சர்களுக்கு 8 பென்ஸ். அந்தக் கதவு இன்னும் இருக்கு, ஓட்டையும் இருக்கு. போய்ப் பார்க்கலாம். கதவுக்கு மேலேதான் அந்த ஆலயத்தின் பிரபலமான வானியல் கடிகாரம், 15ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பழைய கடிகாரங்களில் கயிறுகளுக்கும் பல்சக்கரத்துக்கும் மிருகக் கொழுப்பைத் தடவுவாங்க. கொழுப்பு வாசனைக்கு எலி ஏறும். அதனால கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்குள்ள பூனை போக வழி செஞ்சாங்க என்று சொல்றாங்க. நம்ம எல்.கே.ஜி. பிள்ளைங்க பாடுற 'ஹிக்கரி டிக்கரி டாக்' எலி ஏறினதே இந்தக் கடிகாரம்தான் என்று உள்ளூரில் ஒரு பெருமை உண்டு. பெருமைக்கு ஆதாரம் எல்லாம் கேட்கக்கூடாது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் கவனிங்க. எக்ஸ்டர் ஓட்டைக்கு மூடி இல்லை. சாசர் சொல்ற ஓட்டைக்கும் இல்லை, இருந்தா பையன் எட்டிப் பார்த்திருக்க முடியாது. பனி கொட்டுற ஊரில், நடு ஜனவரியில், கதவில் ஒரு ஓட்டையைத் திறந்தே வச்சுக்கிட்டு எப்படிக் குடித்தனம் பண்ணினாங்க?

பதில் ரொம்ப சுலபம். வீடே ஓட்டையாத்தான் இருந்துச்சு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே சந்து, ஜன்னலில் சந்து, கூரையில் சந்து. அதோட கணப்பு அடுப்பு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். விறகோ கரியோ எரியும்போது புகைபோக்கி வழியா சூடான காற்று மேலே போகுது இல்லையா, அந்த அளவுக்குப் புதுக் காற்று எங்கிருந்தாவது வீட்டுக்குள்ள வந்தே ஆகணும். வராட்டி புகை திரும்பி அறைக்குள்ளேயே வந்து கண்ணைக் கரிக்கும். ஆக, குளிர்காற்று உள்ளே வர்றதுதான் அந்த வீடு வேலை செய்கிற விதமே. பூனை ஓட்டை அதில் இன்னொரு சந்து, அவ்வளவுதான். (நம்ம பக்கம் இந்தப் பிரச்சினையே எழலை. ஓட்டு வீடும் நடுவில் திறந்த முற்றமும் இருக்கிற இடத்தில் பூனைக்கு யாரும் கதவு வெட்ட வேண்டாம். கூரை மேல வரும், முற்றத்தில் குதிக்கும், நேரா அடுப்பங்கரை.)

நிலைமை தலைகீழானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் சில நாள் அமுக்கிப் பிடிச்சதில் ஆயிரக்கணக்கான பேர் செத்தாங்க. 1956ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது, வீட்டில் கண்டபடி கரி எரிக்கறதுக்குத் தடை வந்தது. 1965ல் வடகடலில் எரிவாயு கிடைச்சது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தெருத்தெருவா அந்த வாயுவுக்கு மாத்தினாங்க. கணப்பு அடுப்பை மூடிட்டு வீடு பூரா குழாய் ஓட்டி சுடுதண்ணியில் சூடு பண்ற முறை பரவிச்சு. 1973ல் எண்ணெய் விலை எகிறினதும் சூடு என்பதே காசு என்று எல்லாருக்கும் உறைச்சது. கதவு இடுக்கில் பஞ்சுப் பட்டை ஒட்டினாங்க, ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போட்டாங்க. வீடு டப்பா மாதிரி இறுக்கமாச்சு. ஐந்நூறு வருஷமா யார் கண்ணையும் உறுத்தாத பூனை ஓட்டை இப்போதான் முதல் தடவையா ஓட்டையா தெரிஞ்சுது!

இன்னொண்ணும் நடந்துச்சு. பூனைக்கு வேலை போச்சு. தானியம் வீட்டில் இல்லை, எலியும் கம்மி. வேலை போனாலும் பூனை வீட்டைவிட்டுப் போகலை, பதவி உயர்ந்து குடும்பத்தில் ஒருத்தர் ஆயிடுச்சு. அமெரிக்காவில் 1947ல் மிச்சிகன் மாநிலத்து எட் லோ என்பவர், எண்ணெய்க் கறை உறிஞ்சறதுக்கு விற்றுக்கிட்டிருந்த களிமண் துகளைப் பக்கத்து வீட்டு அம்மாவின் பூனைக்கு மலஜலம் கழிக்கக் கொடுத்தார். அது பிச்சுக்கிட்டு விற்க ஆரம்பிச்சதும், பூனை வெளியே போக வேண்டிய முக்கியமான காரணம் அங்கே காணாமப் போச்சு. அமெரிக்கப் பூனைகளில் நிறைய வீட்டோட இருக்கும். கதவு ஓட்டை என்றால் அங்கே பெரும்பாலும் நாய்க்குத்தான். பிரிட்டனில் பூனை தோட்டத்துக்குப் போயே ஆகணும் என்கிற எண்ணம் இன்னும் பலம். அதனால காற்றையும் மழையையும் தடுத்துப் பூனையை மட்டும் விடுகிற கதவு வேணும் என்கிற கஷ்டம் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி.

கஷ்டத்துக்கு இன்னொரு பக்கம் பூனையின் சுபாவம். ராபர்ட் ஹைன்லைன் எழுதி 1957ல் புத்தகமா வந்த 'கோடைக்கான கதவு' என்ற அறிவியல் நாவலில் பீட் என்று ஒரு பூனை வரும். அதுக்குன்னு தனி வழி வெட்டி வச்சிருந்தாலும் வெளியே பனி கிடந்தா அதைத் தொடாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கதவா எஜமானைத் திறக்கச் சொல்லும், ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னாடி கோடைக்காலம் இருக்கும் என்கிற நம்பிக்கையில். ஹைன்லைன் வீட்டுப் பூனை நிஜமாவே இப்படிப் பண்ணினதைப் பார்த்து அவர் மனைவி சொன்ன ஒரு வார்த்தைதான் நாவலுக்குத் தலைப்பாச்சு. பூனை வச்சிருக்கிறவங்களுக்கு இது அறிவியல் புனைவே இல்லை, தினசரி செய்தி.

சரி, மழை தாங்குற பூனைக் கதவு எப்படி வேலை செய்யுது? சட்டத்தின் மேல் பக்கம் கீல் வச்சு, ஊஞ்சல் மாதிரி ரெண்டு பக்கமும் ஆடுற பிளாஸ்டிக் பலகை. கண்ணாடி மாதிரி தெரியணும். எதிர்ப்பக்கம் என்ன நிக்குதுன்னு தெரியாட்டி பூனை தலையை விடாது. பலகையின் விளிம்பில் பிரஷ் மாதிரி குச்சமோ ரப்பர் பட்டையோ ஒட்டியிருக்கும், சந்தை அடைக்க. அடியில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு காந்தம். பூனை போனதும் பலகை ஆடி ஆடி நடுவில் வந்து 'டக்'னு ஒட்டிக்கும். இந்தக் காந்தத்தில்தான் சூட்சுமம் எல்லாம். பலம் கம்மியா இருந்தா ஒவ்வொரு காற்றுக்கும் பலகை டப்டப்புன்னு அடிச்சு ராத்திரி தூக்கம் போகும். பலம் ஜாஸ்தியா இருந்தா வயசான பூனையும் குட்டியும் முட்டி முட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடும். சின்ன நாய்க்கு என்றால் பலகையைப் பெரிசாக்கணும். பலகை பெரிசானா காற்று அறைகிற பரப்பும் பெரிசாகுது, காந்தத்தையும் கூட்டணும். நாய்க்கு அந்த அளவு பலம் உண்டு, அதே வீட்டுப் பூனைக்கு இருக்குமான்னு பார்த்துக்கணும். ரொம்பக் குளிர் ஊரில் ரெண்டு பலகை வச்சு நடுவில் ஒரு சாண் சுரங்கம் மாதிரி விடறாங்க. அடைபட்ட காற்றே கம்பளி.

மாட்டறதில் முதல் வேலை வாளை எடுக்கறது இல்லை, பூனையை அளக்கறது. தரையில் இருந்து வயிறு வரைக்கும் எவ்வளவு உயரமோ, ஓட்டையின் அடிவிளிம்பு அந்த உயரத்தில் வரணும். ரொம்ப மேலே வச்சா குதிக்கணும், கீழே வச்சா தவழணும். நாய்க்கு தோள் அகலத்தையும் அளக்கணும். மரக்கதவில் வெட்டினதும் வெட்டின முகத்துக்கு பெயின்ட் அடிக்காம சட்டத்தை மாட்டக்கூடாது. பச்சை மரம் மழைத்தண்ணியைக் குடிச்சு உப்பிப்போகும், அப்புறம் பெரிய கதவையே மூட முடியாது. சட்டத்தைச் சுத்தி வெளிப்பக்கம் சிலிக்கான் பசை. சுவர் வழியா சுரங்கம் போட்டா வெளிப்பக்கமா லேசா சரிவு கொடுக்கணும், இல்லாட்டி மழைத்தண்ணி நேரா ஹாலுக்கு வரும். முடிஞ்சவரை காற்று அடிக்கிற பக்கத்துக் கதவைத் தவிர்க்கணும். கண்ணாடிக் கதவா இருந்தா வம்பு. உறுதியாக்கின கண்ணாடியை அப்புறம் வெட்டவே முடியாது, தொட்டா பொடிப்பொடி. ஓட்டையோடவே புதுக் கண்ணாடி ஆர்டர் பண்ணணும். தீத்தடுப்புக் கதவில் கை வைக்கவே கூடாது.

காற்றையும் மழையையும் ஒரு வழியா நிறுத்தியாச்சு. அடுத்த வில்லன் பக்கத்து வீட்டுப் பூனை! வழி திறந்திருக்குன்னு தெரிஞ்சா தெருவில் இருக்கிற அத்தனை பூனையும் வந்து சாப்பிட்டுட்டு, சோபாவில் ஒரு தூக்கமும் போட்டுட்டுப் போகும். அதனால கழுத்துப்பட்டையில் ஒரு காந்தம் கட்டினாங்க, காந்தம் வந்தா பூட்டு திறக்கும். கடைசியில் பூனைக்கு மணி கட்டியே விட்டாங்க! ஆனா பக்கத்து வீட்டுக்காரரும் அதே கடையில் அதே காந்தம் வாங்கலாமே. தவிர பட்டையை எங்கேயாவது வேலியில் கழட்டிவிட்டு வந்தா வீட்டுப் பூனையே வெளியே நிக்கும்.

இதுக்கு விடை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? கேம்பிரிட்ஜில் இருந்து. நிக் ஹில் என்ற இயற்பியல்காரர் வீட்டில் அன்னியப் பூனைகள் புகுந்து அட்டகாசம் பண்ணின கடுப்பில் 2007ல் ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, 2008ல் சில்லு படிக்கிற பூனைக் கதவைக் கொண்டுவந்தார். பூனையின் தோலுக்கு அடியில் டாக்டர் வைக்கிற அரிசி அளவு சில்லு ஏற்கெனவே இருக்கு. பாட்டரி கிடையாது, 15 இலக்க எண் மட்டும். பூனை தலையை நீட்டினதும் கதவு அந்த எண்ணைப் படிச்சு, நம்ம வீட்டு ஆள்தான்னு தெரிஞ்சா பூட்டைத் திறக்கும். கேம்பிரிட்ஜ் இயற்பியல்காரர் ஒருத்தர் பூனைக்குக் கதவு செஞ்சார் என்பது ஆக மொத்தம் உண்மையாவே ஆயிடுச்சு, ஆள்தான் வேற. 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் 20 வாரம் தாண்டின வளர்ப்புப் பூனைகளுக்கு இந்தச் சில்லு சட்டப்படி கட்டாயம். வைக்காட்டி 500 பவுண்டு வரைக்கும் அபராதம்.

இதுவும் போதலை. பூனை யாருன்னு கதவுக்குத் தெரியுது, வாயில் என்னன்னு தெரியலையே. அமேசானில் வேலை பார்த்த பென் ஹாம் என்பவருக்கு மெட்ரிக் என்று ஒரு பூனை. ராத்திரியில் எலியும் குருவியுமா கவ்விக்கிட்டு வந்து நடுவீட்டில் போடும். மனுஷன் பூனைக் கதவுக்கு மேல ஒரு கேமராவை மாட்டி, இருபதாயிரத்துக்கும் மேல படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். வாயில் இரை இருந்தா 15 நிமிஷம் கதவு பூட்டிக்கும், பறவைப் பாதுகாப்பு சங்கம் ஒண்ணுக்கு அவர் கணக்கில் இருந்து தானாவே நன்கொடை போகும். 2019ல் மேடையில் இதை அவர் விளக்கினப்போ கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சது. இப்போ இதே மாதிரி கதவுகள் கடைக்கே வந்தாச்சு.

எக்ஸ்டரில் எலியைப் பிடிக்கிறதுக்காக வாரம் ஒரு பென்னி கொடுத்து, 8 பென்ஸ் செலவில் கதவையும் வெட்டி விட்டாங்க. இங்கே எலியைப் பிடிச்சா வெளியே நில்லு என்கிறாங்க. மெட்ரிக் சும்மா இருந்ததா? ஐந்து வாரத்தில் ஏழு தடவை இரையோட வந்துச்சு. ஆறு தடவை கதவு கண்டுபிடிச்சுப் பூட்டிக்கிச்சு. ஒரு தடவை ஏமாத்திட்டு எலியோட உள்ளே போயிடுச்சு.